சேமிப்புத் திருவிழாவும் செலவுக் கணக்கும்

சரக்கு மற்றும் சேவை வரியின் புதிய விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்தன. முந்தைய நாள் மாலை நாட்டு மக்களுக்கு உரையாற்றிய பிரதமர் மோடி அதற்குச் ‘சேமிப்புத் திருவிழா’ என்று பெயர் சூட்டினார். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய் ஆகியவற்றின் மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது நல்லதே. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அந்த வரியை வசூலித்தவர்களும் இதே ஆட்சியாளர்கள்தாம் என்னும் செய்தி மட்டும் திருவிழா அழைப்பிதழில் இடம்பெறவில்லை.

மும்பையின் உழைக்கும் குடும்பத்திற்கு இத்திருவிழா எவ்வளவு மிச்சப்படுத்தித் தந்தது என்பதைக் கணக்கிடப் பொருளாதார நிபுணர் எவரும் தேவையில்லை. தாராவியில் ஒரு குடும்பம் மேற்சொன்ன பொருள்களுக்கு மாதம் 300 ரூபாய் செலவிட்டதாக வைத்துக்கொள்வோம். வரிக்குறைப்பின் பயனை உற்பத்தியாளரும் வணிகரும் ஒரு காசும் பிடித்துக்கொள்ளாமல் அப்படியே கொடுத்துவிட்டாலும் கையில் நிற்பது 33 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குளிர்சாதனப் பேருந்தில் 6 ரூபாய் 12 ரூபாயானது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் மாதம் 26 நாள் வேலைக்குப் போய்வந்தால் கூடுதல் செலவு 260 ரூபாய். குளிர்சாதனப் பேருந்தாயின் 312 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் இத்தொகை இரட்டிப்பாகும். அதற்கு முந்தைய ஏப்ரலில் சமையல் எரிவாயு சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றப்பட்டு, மும்பையில் அதன் விலை 852 ரூபாய் 50 காசை எட்டியது. சோப்பில் கொடுத்த 33 ரூபாயைப் பேருந்தும் அடுப்பும் மாதத்தின் முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

பெஸ்ட் நிறுவனத்தின் நட்டமே கட்டண உயர்வுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2019 ஜூலையில் இதே பெஸ்ட் தன் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைத்தபோது பேருந்துகளில் கூட்டம் பெருகியது. மக்களைப் பேருந்துக்குக் கொண்டுவரும் வழி அன்றே தெரிந்திருந்தது. அதன் பிறகு நடந்தது வேறு: சொந்தப் பேருந்துகள் ஆண்டுதோறும் கழிக்கப்பட்டன, ஒப்பந்ததாரர்களின் பேருந்துகள் அவற்றின் இடத்திற்கு வந்தன, நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் நீண்டது. வங்கிகளில் பல்லாயிரம் கோடி ரூபாய் வைப்புநிதி வைத்திருக்கும் மும்பை மாநகராட்சி, தன் சொந்த நிறுவனத்தின் நட்டத்தைத் துப்புரவுப் பணிக்குப் போகும் பெண்ணின் சில்லறையிலிருந்து ஈடுகட்ட முன்வந்தது.

இத்தகைய காலங்களில் நாளேடுகளின் வார இணைப்புகளும் தொலைக்காட்சிகளும் சிக்கனப் பாடம் நடத்தத் தவறுவதில்லை. தேவையற்ற விளக்கை அணையுங்கள், கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதுங்கள், மாதச் சாமானை மொத்தமாக வாங்குங்கள், வெளியில் உண்பதைக் குறையுங்கள் என்பன போன்றவை அவை. சிக்கனத்தை ஏளனம் செய்ய உழைக்கும் மக்களுக்கு உரிமையுமில்லை, வசதியுமில்லை. தாராவியின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சிக்கனத்தால்தான் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்களை நிலைநிறுத்தினர். ஆயினும் இந்த அறிவுரைகள் யாரை நினைத்து எழுதப்படுகின்றன என்று கேட்பது தகும். மாதச் சம்பளமும் பொருள்களை அடுக்கிவைக்க அலமாரியும் உள்ள மாட்டுங்கா குடும்பம் அரிசியை மூட்டையாகவும் எண்ணெயை ஐந்து லிட்டர் கேனாகவும் வாங்க முடியும். அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் வாங்கும் குடும்பம் ஷாம்பை ஒரு ரூபாய்ப் பாக்கெட்டிலும் எண்ணெயைச் சிறு உறையிலும் வாங்குகிறது. முகவரிச் சான்று காட்ட இயலாத புலம்பெயர் தொழிலாளி ஐந்து கிலோ சிலிண்டரை வாங்குகிறார்; கிலோவுக்குக் கணக்கிட்டால் வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரைவிட அதற்கு விலை கூடுதல். செம்பூருக்குக் கிழக்கே மான்கூர்ட், கோவண்டி குடிசைப்பகுதிகளில் குழாய் இணைப்பு மறுக்கப்பட்டவர்கள் தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகின்றனர். 2000ஆம் ஆண்டிற்குப் பிந்தைய குடிசைகளுக்கும் தண்ணீர் தரப்பட வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே ஆணையிட்ட பின்பும் இதுவே நிலை. ஒரே பொருளுக்கு ஏழை அதிக விலை கொடுக்கிறார் என்பதே இந்நகரத்தின் விதியாக இருக்கையில், பட்டியல் எழுதிக் கடைக்குப் போவதால் மிச்சமாவது என்ன?

உழைக்கும் குடும்பத்தின் வரவு செலவு அக்குடும்பத்தின் சொந்த விவகாரம் என்று இன்று சொல்லப்படுகிறது. ஆனால் இந்நகரத்தில் அது நூறாண்டுகளுக்கும் மேலாக அரசியல் விவகாரமாகவே இருந்துவந்துள்ளது. 1921-22இல் பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம், ஃபிண்ட்லே ஷிராஸ் என்னும் அதிகாரியின் தலைமையில், தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கை வீடு வீடாகச் சென்று சேகரித்தது. 1923இல் வெளியான அவ்வறிக்கை ஆலைத் தொழிலாளர் மீது பரிவுகொண்டு எழுதப்பட்டதன்று. கூலியையும் விலைவாசியையும் அளக்க அரசுக்கு எண்கள் தேவைப்பட்டன, அவ்வளவே. எனினும் அதன் பக்கங்களில் ஓர் உண்மை பதிவாகிவிட்டது. தொழிலாளி உண்ணும் தானியம் பஞ்சகால நிவாரண விதிகள் அனுமதித்த உச்ச அளவுக்குச் சமமாக இருந்தது. பம்பாய்ச் சிறை விதிகள் கைதிக்கு வகுத்த அளவைவிடவோ குறைவாக இருந்தது. ரஜனி பாமி தத் தமது ‘இன்றைய இந்தியா’ நூலில் இந்த அறிக்கையை எடுத்தாண்டபின், இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்த பல தலைமுறையினர் அதை அறிவர். அக்குடும்பங்களில் 47 சதவீதம் கடனில் மூழ்கியிருந்தன. வழக்கமான வட்டி மாதம் ரூபாய்க்கு ஓர் அணா, அதாவது ஆண்டுக்கு 75 சதவீதம். சிறைக் கைதியைவிடக் குறைவாக உண்பவரிடம் சிக்கனத்தைப் போதிக்க அன்றைய வெள்ளை அதிகாரிகளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

வட்டிக்காரரின் இடத்திற்கு இன்று நுண்கடன் நிறுவனம் வந்திருக்கிறது. இடையில் வேறொரு வழியும் இருந்தது. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகு, ஆலைத் தொழிலாளர்களுக்குச் சோறு சமைத்துப்போட்ட கானாவளிப் பெண்களைத் திரட்டி, அவர்களுக்குப் பொதுத்துறை வங்கிக் கடன் பெற்றுத்தந்தார் தொழிற்சங்க இயக்கத்திலிருந்து வந்த பிரேமா புரவ். 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் அப்படித்தான் உருவானது. இன்றோ குழுக்கடன் முகவர் வாரந்தோறும் கதவைத் தட்டுகிறார். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் நுண்கடனுக்கான வட்டி உச்சவரம்பை நீக்கி, வட்டி விகிதத்தை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே தீர்மானிக்க விட்டுவிட்டன. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதி வரை கடன் தவணைக்குப் போகலாம் என்றும் அதே விதிகள் அனுமதிக்கின்றன. இது கடன்பட்டவரைக் காக்கும் வரம்பு என்று விளக்கம் தரப்படுகிறது. மீதிப் பாதியில் வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, அரிசி அனைத்தையும் எப்படி அடக்குவது என்பதற்கு விதியில் விளக்கம் இல்லை.

செலவைக் குறைக்கச் சொல்வது ஒரு வழி. செலவு கூடவே இல்லை என்று காட்டிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதையும் பம்பாய்த் தொழிலாளி வர்க்கம் கண்டிருக்கிறது. ஆலைத் தொழிலாளரின் பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டெண்ணுடன் இணைக்கப்பட்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் கடையில் கொடுக்கும் விலைக்கும் அரசு வெளியிடும் குறியீட்டெண்ணுக்கும் இடையே பொருத்தமே இல்லாமல் போயிற்று. பெண்கள் கடையில் உணர்ந்ததைத் தொழிற்சங்கங்கள் எண்களாக்கின. 1963இல் பம்பாய்த் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். பொருளியலாளர் டி.டி. லக்டாவாலா தலைமையில் நிபுணர் குழுவை அமைக்க மாநில அரசு நேர்ந்தது. குறியீட்டெண் உண்மை நிலையைவிடக் குறைத்துக் காட்டப்பட்டுள்ளது என்பதை அக்குழு உறுதிசெய்தது, எண் திருத்தப்பட்டது, பஞ்சப்படி உயர்ந்தது. ஒரு புள்ளிவிவர அட்டவணையைத் திருத்தவைத்து அடுக்களைக்குப் பணம் கொண்டுவந்த போராட்டம் அது. சிக்கனக் கட்டுரைகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

அந்த வாதம் முடிந்துவிடவுமில்லை. 2020 அக்டோபரில் ஒன்றிய அரசு தொழில்துறைத் தொழிலாளருக்கான விலைவாசிக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2001இலிருந்து 2016ஆக மாற்றியது. பழைய எண்ணைப் புதிய எண்ணுடன் இணைக்கும் காரணி 2.88 என நிர்ணயிக்கப்பட்டது. மத்தியத் தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தன. உணவுக்குத் தரப்பட்ட பங்கு 46.2 சதவீதத்திலிருந்து 39.17 சதவீதமாகக் குறைந்தது. வருமானம் உயர உயர உணவுக்குச் செலவிடும் பங்கு குறையும் என்பது 1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் கண்ட விதி (மார்க்சின் தோழர் ஏங்கெல்ஸ் வேறு, இவர் வேறு). ஆகவே உணவின் பங்கு குறைந்தால் தொழிலாளி வளமடைந்தார் என்று பொருள் என அதிகாரிகள் மகிழ்கின்றனர். வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் முன்னதாகவே பிடுங்கிக்கொள்வதால், குறைக்கக்கூடியதாக எஞ்சியிருக்கும் ஒரே செலவு உணவுதான் என்னும் வீடுகளிலும் அந்தப் பங்கு குறையத்தான் செய்யும். பருப்புக்குப் பதில் ரசம், பாலுக்குப் பதில் கறுப்புத் தேநீர் என்று அது குறைகிறது. இரண்டு விதக் குறைவையும் அட்டவணை ஒரே எண்ணாகவே காட்டும்.

ரேஷன் அட்டையின் கதை இதைவிட வெளிப்படையானது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2014இல் மகாராஷ்டிரத்தில் நடைமுறைக்கு வந்தபோது, நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் 59,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமே முன்னுரிமைக் குடும்பம் என்று வரையறுக்கப்பட்டது. முழுக் குடும்பத்திற்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 162 ரூபாய்; அதுவும் மும்பையில். ஒன்றிய அரசு 2019இல் அறிவித்த தேசியத் தரைமட்டக் கூலியோ ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 178 ரூபாய். அந்த அற்பக் கூலியை மட்டுமே பெறும் இருவர் ஒரு வீட்டில் மாதம் 26 நாள் உழைத்தால் ஆண்டு வருமானம் 1,11,072 ரூபாயாகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியவருக்கு இம்மாநிலத்தில் உரியது வெள்ளை அட்டை. வசதி படைத்தோர் வைத்திருக்கும் அதே அட்டை. நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி பெறும் தம்பதியைச் செல்வந்தராக்கும் வித்தை இது! வருமானத்தை மறைத்துச் சொன்னால் அரிசி உண்டு, உண்மையைச் சொன்னால் இல்லை என்னும் நிலைக்கு ஏழைகளைத் தள்ளிவிட்டு, பின்னர் ‘போலிப் பயனாளிகளை’ நீக்கியதாக அரசு பெருமைப்படுகிறது. ‘லாட்கி பஹின்’ திட்டத்திலும் இதுவே நடந்தது. 2024 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் 1,500 ரூபாய் தரப்பட்டு, வென்றால் 2,100 என்று வாக்களிக்கப்பட்டது. வென்ற பிறகு தொடங்கியது தகுதிச் சரிபார்ப்பு.

விலைவாசிக்கு எதிரான சினத்தை இந்நகரத்தின் பெண்கள் அடுக்களைக்குள்ளேயே அடக்கிவைத்ததில்லை. 1972இல் வறட்சியும் பதுக்கலும் ஒன்றுசேர்ந்து எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கடைகளிலிருந்து விரட்டியபோது, அகல்யா ரங்கனேக்கர், மிருணாள் கோரே, தாரா ரெட்டி, பிரமிளா தண்டவதே ஆகியோர் கட்சி வேறுபாடு கடந்து விலைவாசி எதிர்ப்பு ஐக்கிய மகளிர் முன்னணியைக் கட்டினர். ஆயிரக்கணக்கான பெண்கள் சப்பாத்திக் கட்டைகளை ஏந்தி வீதிக்கு வந்தனர். தட்டுகளைக் கரண்டியால் தட்டி ஒலியெழுப்பினர். பதுக்கல் கிடங்குகளை முற்றுகையிட்டனர். அமைச்சர்களை வழிமறித்துக் கேள்வி கேட்டனர். ஆலைக் குடியிருப்புப் பெண்ணும் நடுத்தர வர்க்க இல்லத்தரசியும் ஒரே ஊர்வலத்தில் நடந்தனர். வீட்டில் கணக்கெழுதும் கைதான் சப்பாத்திக் கட்டையையும் பிடித்தது. நெருக்கடி நிலையில் சிறைவைக்கப்பட்ட ரங்கனேக்கரும் கோரேவும் 1977இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இன்று தாராவிக் குடும்பங்களின் கணக்கேட்டில் விழவிருக்கும் மிகப்பெரிய செலவு, கடையிலிருந்து வருவதன்று. மறுசீரமைப்புத் திட்டத்திலிருந்து வருவது. அதானி குழுமத்திற்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நிறுவனம் அதை நடத்துகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவுவோருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் இருப்போருக்கும் பின்னர் வந்தோருக்கும் வெளியே, விலைக்கோ வாடகைக்கோ. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று, செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பை மேட்டின் 124 ஏக்கர். 1927 முதல் நகரத்தின் கழிவு கொட்டப்பட்டுவரும் இடம் அது.

வரைபடத்தில் சில கிலோமீட்டர்தான். கணக்கேட்டில் அது எவ்வளவு தொலைவு என்பதைத் தாராவியின் வாழ்க்கை முறையை அறிந்தோரே அறிவர். அங்கு வீடும் பட்டறையும் ஒன்றே. தமிழ்க் குடும்பங்கள் பின்னிரவில் எழுந்து மாவை அவித்து, விடியுமுன் இட்லிப் பாத்திரங்களைச் சைக்கிளில் ஏற்றி நகரெங்கும் அனுப்புகின்றன. கும்பார்வாடாவில் சக்கரமும் சூளையும் வீட்டோடு இருக்கின்றன. பெண்கள் வீட்டு வாசலில் அப்பளம் உலர்த்துகின்றனர். மித்தி ஆற்றுக்கு அப்பாலுள்ள பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்தின் அலுவலகங்களைத் துடைக்கும் பெண் நடந்தே வேலைக்குப் போய், நடந்தே திரும்பி, இடையில் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடிகிறது. பேருந்துக் கட்டணம் இல்லை, கடைக்கு வாடகை இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறார், அவசரத்திற்குத் தெருவுக்குள்ளேயே சீட்டுப் பணம் எடுக்கலாம். எந்தச் சிக்கனக் கட்டுரையும் கற்றுத்தர இயலாத சேமிப்பு இது. தேவ்னாருக்கோ முலுண்டுக்கோ பெயர்க்கப்படும் குடும்பம் இவை ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

இது வெறும் ஊகம் என்போர் செம்பூருக்குத் தெற்கே மாஹுலைப் பார்க்கலாம். தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2017 முதல் அங்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய கட்டடங்களில் குடியமர்த்தப்பட்டன. வீடு இலவசந்தான். மருந்துச் செலவும் போக்குவரத்துச் செலவும் வருமான இழப்பும் அதன் பின்னால் வந்தன. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் எவரையும் மாஹுலுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், வேறிடத்தில் குடியிருக்க மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் தரப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. இலவச வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு நீதிமன்றம் விலை நிர்ணயித்தது என்றே இதைக் கொள்ளலாம்.

தாராவிக்குள்ளேயே வீடு பெறுவோருக்கும் கணக்கு முடிவதில்லை. அடுக்குமாடியில் மின்தூக்கி ஓட வேண்டும், தண்ணீரை மேலேற்ற மோட்டார் ஓட வேண்டும், படிக்கட்டில் விளக்கு எரிய வேண்டும், துப்புரவுக்கும் காவலுக்கும் ஆள் வேண்டும். முதல் பத்தாண்டுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் அறிவித்துள்ளது. வணிகப் பகுதியின் வருவாய் பின்னர் கைகொடுக்கும் என்றும் கூறுகிறது. நகரின் பழைய குடிசை மாற்றுக் கட்டடங்களில் பராமரிப்புத் தொகையைக் கட்ட இயலாமல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மீண்டும் குடிசைக்கே போனவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தாராவி மக்கள் நன்கு அறிவர். பின்னிரவில் இட்லிப் பாத்திரங்களுடன் கீழே இறங்க வேண்டிய குடும்பத்தின் மின்தூக்கிக்குப் பதினோராம் ஆண்டில் யார் பணம் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதை, வீட்டைக் காலிசெய்யுமுன் ஒப்பந்தத்தில் எண்ணாகவும் எழுத்தாகவும் எழுதித் தருமாறு அவர்கள் கேட்க வேண்டும். மாநில அரசும் அந்நிறுவனத்தின் பங்குதாரர் என்பதால், பதில் சொல்லும் கடமை அதற்கும் உண்டு.